பச்சைப் பேரீச்சை சீக்கிரம் கெடுகிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

ஆனி பிறந்ததும் மஞ்சள் குலைகள் வர ஆரம்பித்துவிடும். புதுச்சேரி பெரிய மார்க்கெட்டிலும் கடலூர் மஞ்சக்குப்பம் பக்கத்துத் தள்ளுவண்டிகளிலும் கொத்துக் கொத்தாகத் தொங்கும். தர்மபுரித் தோட்டத்துச் சரக்கும் உண்டு, குஜராத்தின் கட்ச் சரக்கும் உண்டு, பண்ருட்டிச் செம்மண்ணில் ஆசைக்கு நாலு மரம் வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களின் குலைகளும் உண்டு. வாங்குகிற அன்று கடித்தால் நறுக்கென்று இருக்கும். அடுத்த வாரமே சுருங்கிவிட்டது, வேர்த்துவிட்டது, புளித்துவிட்டது என்று புகார் வரும். பெரும்பாலும் பழத்தின்மேல் தப்பிருக்காது. வைத்த முறை அந்தப் பழத்துக்குப் பொருந்தியிருக்காது.

ஏனென்றால் பேரீச்சை மூன்று நிலைகளில் நம் கைக்கு வருகிறது. மூன்றுக்கும் கவனிப்பு வேறு.

முதலாவது செங்காய். மஞ்சளாகவோ சிவப்பாகவோ நிறம் ஏறியிருக்கும், உடம்பு கெட்டியாக இருக்கும். நம் ஊரில் கொத்தோடு விற்பது இதைத்தான். பர்ஹி ரகம்தான் அதிகம். ஈராக்கின் பஸ்ரா பகுதி அதன் பூர்வீகம். செங்காயில் பாதிக்கு மேல் தண்ணீர். பறித்த பிறகும் மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கும். அதற்குக் குளிரும் வேண்டும், ஈரக்காற்றும் வேண்டும்: 0 டிகிரி செல்சியஸ், 85 முதல் 95 விழுக்காடு ஈரப்பதம். இந்த இரண்டும் அமைந்தால் ஒன்றரை மாதத்துக்கு மேல் நிற்கும்.

இரண்டாவது கனிந்த பழம். தேன் நிறத்தில் மெத்தென்று இருக்கும். வளைகுடாவிலிருந்து வரும் உறவினர்கள் ருதப் என்று சொல்லிக் கொண்டுவருவது இதைத்தான். மூன்றில் மிகச் சீக்கிரம் கெடுவதும் இதுதான். ஈரமும் இருக்கிறது, சர்க்கரையும் ஏறிவிட்டது, தோலும் மெலிந்துவிட்டது.

மூன்றாவது உலர்ந்த பழம். டப்பாவில் வரும் மெஜூல், அஜ்வா எல்லாம் இந்தப் பக்கம். இதற்கு 65 முதல் 75 விழுக்காடு ஈரப்பதம் போதும். 0 டிகிரியில் ரகத்தைப் பொறுத்து 6 முதல் 12 மாதம் வரை இருக்கும்.

செங்காயை உலர விட்டால் சுருங்கும். உலர்ந்ததை ஈரத்தில் விட்டால் புளிக்கும். ஒரே ஃப்ரிட்ஜில் ஒரே மாதிரி வைத்துவிட்டு ஒன்று நன்றாக இருக்கிறது, இன்னொன்று கெட்டுவிட்டது என்று குழம்புவதற்குக் காரணம் இதுதான். எனவே முதலில் உங்கள் கையில் இருப்பது எந்த நிலை என்று முடிவு செய்துகொண்டு கீழே போங்கள்.

பழத்தில் பழுப்பு விழுந்திருக்கிறது

ஒரு பழத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். பழுப்பு எங்கே ஆரம்பித்திருக்கிறது என்று பாருங்கள். நுனியா, பக்கமா, காம்பு சேரும் இடத்தில் உள்ள காம்புத் தொப்பியைச் சுற்றியா?

நுனியில், அதாவது காம்புக்கு எதிர்ப்புறத்தில் ஆரம்பித்து மேலே ஏறிக்கொண்டிருந்தால் அது கெடுதல் இல்லை. பேரீச்சை நுனியிலிருந்துதான் கனியும். பாதி மஞ்சள், பாதி தேன் நிறம் என்று நிற்கிற பழம்தான் என் கணக்கில் ஆகச் சுவையானது. கெட்டியும் இருக்கும், இனிப்பும் இருக்கும். அதைக் கெட்டது என்று குப்பையில் போடுபவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. நுனி கனிந்த பழங்களை மட்டும் கொத்திலிருந்து எடுத்து வேறு டப்பாவில் போட்டு இரண்டு மூன்று நாளில் சாப்பிட்டுவிடுங்கள். மிச்சத்தை இன்னும் குளிரான இடத்துக்கு மாற்றுங்கள். கனிவதை நிறுத்த முடியாது, தள்ளிப்போடலாம்.

பக்கவாட்டில் வட்டமாகவோ நீளமாகவோ திட்டு இருந்தால் அடி. குலையை மரத்திலிருந்து தரையில் போட்டார்களா, கூடையில் ஆளுயரத்துக்கு அடுக்கினார்களா, பஸ் மேல் கட்டி வந்தார்களா என்று விசாரிக்க வேண்டியதுதான். நல்ல குலை பத்துக் கிலோவைத் தாண்டும். அது விழுந்தால் அடியில் இருப்பவை எல்லாம் நசுங்கும். மரம் வைத்திருப்பவர்கள் குலையைக் கயிறு கட்டி இறக்குங்கள். அடிபட்ட இடம் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் பழுப்பாகும். அதனால் வாங்கும்போது கண்ணுக்குத் தெரியாது. விரலால் லேசாக அழுத்திப் பார்த்தால் குழிவது தெரியும்.

தொப்பியைச் சுற்றிப் பழுப்போ கறுப்போ வளையமாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். பூஞ்சைக்கு அது வாசல். இதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

செங்காய் சுருங்குகிறது

தோலில் மெல்லிய கோடுகள் விழும், பளபளப்பு போகும், கடித்தால் நறுக் சத்தம் இருக்காது, ரப்பர் மாதிரி ஆகிவிடும். கெட்டுப்போகவில்லை, தண்ணீர் போய்விட்டது. பொதுவாகக் காய்கனிகள் எடையில் 5 விழுக்காடு அளவுக்கு இழந்தாலே வாட்டம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

இன்றைய ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலானவை ஐஸ் கட்டாத வகை. உள்ளே காற்றாடி சுற்றும், காற்றை உலர்த்திக்கொண்டே இருக்கும். அதில் கொத்தைத் திறந்தபடி தொங்கவிட்டால் நாலு நாளில் வாடிவிடும். வெளியே கடல்காற்று சட்டையை நனைக்கிறது, உள்ளே பழம் காய்கிறது என்றால் நம்புவது கஷ்டம்தான். ஆனால் நடப்பது அதுதான்.

செய்ய வேண்டியது: கொத்தை முழுசாக வைக்காமல் இழை இழையாக வெட்டிக்கொள்ளுங்கள். பழங்கள் இழையிலேயே இருக்கட்டும். பிய்த்தால் தொப்பி கழன்று காயம் ஆகும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் உலர்ந்த பருத்தித் துணி ஒன்று விரித்து, அதன்மேல் பரப்பி, மேலேயும் ஒரு துணி போட்டு மூடுங்கள். மூடியை இறுக அழுத்த வேண்டாம். காய்கறி டிரேயில் வைப்பதானால் சிறு துளைகள் போட்ட பாலித்தீன் பை போதும். செய்தித்தாளில் சுற்றாதீர்கள், மை பழத்தில் ஏறும். வீட்டு ஃப்ரிட்ஜின் 4, 5 டிகிரியில் இப்படி இரண்டு மூன்று வாரம் தைரியமாக வைக்கலாம். கதவுப் பக்கம் வேண்டாம். அங்கே ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சூடு ஏறும்.

வாழை, மா போல இதற்குக் குளிர்காயம் வராது. 0 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்தாலும் தோல் கறுக்காது. அதனால் ஃப்ரிட்ஜில் எது ஆகக் குளிரான தட்டோ அதையே கொடுங்கள்.

வாடிய செங்காயைத் தண்ணீரில் ஊறவைத்து மீட்கப் பார்ப்பவர்கள் உண்டு. தோல் கொஞ்சம் விறைக்கும், அடுத்த நாளே தொப்பி ஓரத்தில் பூஞ்சை பிடிக்கும். அதைவிட உப்பு, மிளகாய்த்தூள் போட்டு ஊறுகாயாக்கிவிடலாம். நன்றாகவே இருக்கும்.

வெளியே எடுத்தால் வேர்க்கிறது, பிசுபிசுக்கிறது

நம் கரையில் பேரீச்சை கெடுவதற்கு முதல் காரணம் என்று நான் சொல்வது இதைத்தான். கடலுக்குத் தள்ளியிருக்கும் தர்மபுரிக்காரருக்கு இந்தத் தொல்லை இவ்வளவு கிடையாது.

கணக்கு எளிது. ஆடி மாதப் பிற்பகல், வெயில் 35 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 60 விழுக்காடு என்று வையுங்கள். அந்தக் காற்று 26 டிகிரிக்குக் கீழே உள்ள எதைத் தொட்டாலும் அதன்மேல் நீராகப் படியும். ராத்திரி 28 டிகிரிக்கு இறங்கினாலும் ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்கு ஏறிவிடும். அப்போதும் 25 டிகிரிக்குக் கீழே உள்ளது எல்லாம் நனையும். உங்கள் பழமோ 4 டிகிரியில் இருக்கிறது. டப்பாவைத் திறந்து மேசையில் வைத்த பத்தாவது நிமிடம் பழத்தின்மேல் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும்.

துடைத்தால் போய்விடுமே என்பார்கள். தோல்மேல் இருப்பது போகும். ஒரு பழத்தை எடுத்துத் தொப்பியைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். தொப்பியின் ஓரத்துக்கும் பழத்துக்கும் நடுவில் மயிரிழை அகலத்துக்கு ஒரு பள்ளம் இருக்கும், அதில் தண்ணீர் ஒரு வளையமாக நிற்கும். துணி அங்கே போகாது, காற்றும் சீக்கிரம் போகாது. திரும்ப டப்பாவில் போட்டு மூடினால் அந்த வளையம் அப்படியே உள்ளே போகிறது. மூன்றாவது நாள் பூஞ்சை ஆரம்பிப்பது அந்த இடத்தில்தான். பழத்தைப் பத்துத் தடவை எடுத்து எடுத்து வைக்கிற வீட்டில் பத்துத் தடவை இது நடக்கிறது.

வழி என்ன? பெரிய டப்பா ஒன்றில் எல்லாவற்றையும் வைக்காமல், ஒரு வேளைக்கு எவ்வளவு வேண்டுமோ அந்த அளவில் சின்னச் சின்ன டப்பாக்களாகப் பிரித்து வையுங்கள். வேண்டியதை எடுத்தால் திறக்காமல் அப்படியே மேசையில் வைத்து, டப்பா அறைச் சூட்டுக்கு வரும்வரை பொறுங்கள். அப்போது தண்ணீர் டப்பாவுக்கு வெளியே படியும், பழத்தில் படியாது. பிறகு திறங்கள். எடுத்ததைத் திரும்ப உள்ளே வைக்காதீர்கள்.

கடை வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். குளிர்க்கிடங்கிலிருந்து வந்த கிரேட்டை உடனே பிரித்துத் தட்டில் அடுக்கி அழகு பார்க்கத் தோன்றும். பொறுங்கள். மூடியதை மூடியபடியே, சுவரை ஒட்டாமல், நாலு பக்கமும் காற்று போகிற மாதிரி வையுங்கள். கிரேட்டின் வெளிப்புறம் நனைவது நின்று காய ஆரம்பித்ததும் பிரியுங்கள். அன்றைக்கு விற்கிற அளவுக்கு மட்டும் வெளியே எடுப்பது நல்லது. ராத்திரி மிச்சத்தைத் திரும்பக் குளிரில் தள்ளினால் மறுநாள் காலையில் இன்னொரு வேர்வை.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று உண்டு. பதினொரு மணி வெயிலில் வெட்டிய குலையைச் சூட்டோடு பையில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் பழத்தின் சூடும் மூச்சும் உள்ளேயே நீராக மாறி பையின் சுவரில் வழியும். குலையைக் காலையில் வெட்டுங்கள். மழை பெய்திருந்தால் குலை காயும்வரை விடுங்கள். நிழலில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, மின்விசிறியைப் போட்டுச் சூடு ஆறவிட்ட பிறகே பெட்டி. பெரிய அளவில் செய்பவர்கள் வண்டி ஏற்றுவதற்கு முன்பே பழத்தை 10 டிகிரிக்குக் கீழே, முடிந்தால் 0 டிகிரிக்கே கொண்டுவந்துவிடுவார்கள்.

வைப்பதற்கு முன் கழுவலாமா என்ற கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. கழுவ வேண்டாம். சாப்பிடும் முன் கழுவுங்கள்.

கள்ளு வாடை, நுரை, புளிப்பு

டப்பாவைத் திறந்ததும் கள்ளு வாடை அடித்தால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, ஈஸ்ட் வேலை செய்கிறது. பழத்தின் ஈரம் 25 விழுக்காட்டுக்கு மேல் இருந்து சூடும் இருந்தால் சர்க்கரையைச் சாராயமாக்கும். இன்னும் விட்டால் வேறு பாக்டீரியாக்கள் அதை வினிகராக்கும். அப்போது வாடை மூக்கில் குத்தும். தோலுக்கும் சதைக்கும் நடுவில் சின்னக் குமிழிகள் தெரியும்.

கனிந்த பழத்தில்தான் இது அதிகம். ஆனால் உலர்ந்த பழத்திலும் வரும். மழைக்காலத்தில், ஐப்பசி கார்த்திகையில், திறந்து வைத்த டப்பா காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கடையில் உலர்ந்ததாக வாங்கியது அலமாரியில் இருந்தே புளித்துவிட்டது என்பார்களே, அது இப்படித்தான். நோன்பு முடிந்து மிஞ்சிய பெட்டிகளுக்கும் இதே கதிதான்.

புளித்த பழத்துக்கு வைத்தியம் இல்லை. வெயிலில் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். ஈரம் குறையும், வாடை போகாது. பக்கத்தில் இருப்பவற்றைக் காப்பாற்றுங்கள். வாடை வராத, கெட்டியாக உள்ள பழங்களைப் பிரித்து, டப்பாவைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்து, ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள்.

கனிந்த பழம் கிலோக்கணக்கில் வந்துவிட்டதா? பரங்கிப்பேட்டை, நெல்லிக்குப்பம் பக்கத்தில் ஒரே வாரத்தில் இரண்டு மூன்று உறவினர்கள் ஊர் திரும்பினால் இப்படி ஆகும். எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்துவிடலாம் என்று நம்பாதீர்கள். அன்றைக்கே பிரியுங்கள். மூன்று நாளில் தீர்வது ஃப்ரிட்ஜ் தட்டில்; மிச்சம் ஃப்ரீசரில். தட்டில் ஒன்றை ஒன்று ஒட்டாமல் பரப்பி முதலில் உறையவிட்டு, பிறகு பையில் போட்டுக் காற்றைப் பிழிந்து கட்டுங்கள். −18 டிகிரியில் அரை வருடத்துக்கு மேலும் சுவை மாறாது. சர்க்கரை அதிகம் என்பதால் கல்லாக இறுகாது; எடுத்த கொஞ்ச நேரத்தில் சாப்பிடலாம்.

வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது

சர்க்கரையா பூஞ்சையா என்பதுதான் கேள்வி. உலர்ந்த, மென்மையான ரகங்களில் நாளாக ஆகச் சர்க்கரை படிகமாகும். தோலின் உள்ளேயும் மேலேயும் வெளிர் புள்ளிகளாகத் தெரியும். நகத்தால் கீறினால் மணல் போல நறநறக்கும், வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும். பூஞ்சை பஞ்சு மாதிரி எழும்பி நிற்கும், பெரும்பாலும் தொப்பிப் பக்கம் இருக்கும், மக்கிய வாடை வரும்.

சர்க்கரை என்றால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கண்ணுக்குப் பிடிக்கவில்லை என்றால் இட்லிப் பானையில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்து, அந்த ஆவியில் தட்டில் சில நிமிடம் வைத்து எடுங்கள், படிகம் இளகிவிடும். கல்லாகக் காய்ந்த பழமும் இதில் மெத்தென்று ஆகும். ஆனால் அப்படிச் செய்ததை அன்றன்றே சாப்பிட வேண்டும், ஈரம் ஏறிவிட்டது அல்லவா. அடுத்த தடவை படிகமாகாமல் இருக்க அலமாரியில் வைக்காமல் குளிரில் வையுங்கள்.

பூஞ்சை என்றால் அந்தப் பழம் முழுசாகக் குப்பைக்கு. அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டுச் சாப்பிடுவது வேண்டாம். சில பூஞ்சைகள் சதைக்குள் நச்சு விடுபவை, அது கண்ணுக்குத் தெரியாது.

பிளந்தால் உள்ளே கறுப்புத் தூள்

வெளியே குறையே தெரியாது. இரண்டாகப் பிளந்தால் கொட்டையைச் சுற்றிக் கரி தூவிய மாதிரி இருக்கும். வெங்காயத் தோலில் பார்க்கிற கறுப்புப் பூஞ்சையின் வகைதான், தொப்பி வழியாக உள்ளே போனது. போட்டுவிடுங்கள். பெட்டியில் ஒன்று இரண்டு இப்படி இருப்பது சகஜம். அதனால் பேரீச்சையை எப்போதும் பிளந்து பார்த்தே வாயில் போட வேண்டும். குழந்தைகளுக்குக் கொடுப்பதானால் கட்டாயம். நிறைய இருந்தால் பெட்டியோடு கடையில் திருப்பிக் கொடுங்கள். வைக்கிற இடத்தில் செய்து இதைச் சரியாக்க முடியாது, மரத்திலேயே வந்துவிட்டது.

நூல், தூள், வண்டு

பழங்கள் ஒன்றோடொன்று மெல்லிய நூலால் ஒட்டியிருந்தால் அந்துப்பூச்சியின் புழு. தட்டையான, பழுப்பு நிற, எள்ளளவே உள்ள வண்டு ஓடினால் அது ரவை, மாவு, உலர்பழம் எல்லாவற்றிலும் வருகிற ரம்பப்பல் வண்டு. மளிகை அலமாரியில் ரவைக்குப் பக்கத்தில் திறந்த பேரீச்சை டப்பா இருந்தால் அங்கிருந்து இங்கே வர அதற்கு அதிக நேரம் ஆகாது.

இதற்கு உருப்படியான வழி ஃப்ரீசர். பழத்தின் உள்பகுதி −18 டிகிரிக்கு வந்த பிறகு 48 மணி நேரம் இருந்தால் முட்டை உட்பட எல்லாம் செத்துவிடும். ஒரு கிலோ பொட்டலம் நடுவரை குளிர நேரமாகும், அதனால் வீட்டில் மூன்று நாலு நாள் விடுவது நல்லது. மொத்த வியாபாரத்தில் 50 முதல் 55 டிகிரி சூடான காற்றில் 2 முதல் 4 மணி நேரம் வைத்தும் இதையே செய்கிறார்கள். வீட்டு அடுப்பில் அந்தச் சூட்டைச் சரியாகப் பிடிக்க முடியாது, முயல வேண்டாம். அதற்குப் பிறகு 13 டிகிரிக்குக் கீழே வைத்தாலே பூச்சி தின்பதும் பெருகுவதும் நின்றுவிடும். 5 டிகிரி என்றால் புதிதாகத் தொற்றுவதும் இல்லை. புழு ஏற்கெனவே தின்ற பழத்தை எப்படியும் எடுத்துப் போடத்தான் வேண்டும்.

தோட்டத்துப் பழத்தில் பல் பதிந்த தடம் இருந்தால் அது வேறு விஷயம். வௌவால் கடித்ததாக இருக்கலாம். கழுவி வெட்டித் தின்பது எல்லாம் கூடாது, புதைத்துவிடுங்கள். 2018இல் கோழிக்கோட்டில் வௌவால் வழியாகப் பரவும் நிபா வந்த பிறகு இதில் விளையாட்டே கூடாது. குலைக்கு வலைப்பை கட்டினால் வௌவாலும் வராது, கிளியும் வராது.

துவர்ப்பு போகவே இல்லை

பர்ஹி செங்காயாக இருக்கும்போதே துவர்ப்பு குறைவு. அதனால்தான் அப்படியே விற்கிறார்கள். வேறு பல ரகங்கள் செங்காய் நிலையில் நாக்கைக் கட்டிப்போடும். ‘அண்ணே, இது இனிக்கவே இல்லையே, நாலு நாள் வச்சுப் பார்க்கட்டுமா?’ என்று கேட்பார்கள். வைத்தால் கனியும்தான், ஆனால் நம் ஈரக்காற்றில் கனிவதற்குள் பாதி புளித்துவிடும்.

ஃப்ரீசரில் ஒரு ராத்திரி முழுக்க வைத்து, மறுநாள் எடுத்து வெளியே இளகவிடுங்கள். உறைந்த நீர் சதையின் உள்ளமைப்பை உடைத்துவிடும். துவர்ப்பு தருகிற டானின் நாக்கில் கரையாத நிலைக்குப் போகும். பழம் பழுப்பாகி மெத்தென்று ஆகிவிடும். மரத்தில் கனிந்ததற்கு ஈடாகாது. இருந்தாலும் நன்றாகவே தின்னலாம். இளகியதை இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். இதே காரணத்தால்தான் நறுக்கென்று வேண்டும் என்பவர்கள் செங்காயை ஃப்ரீசர் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

விற்காமல் தேங்கிய செங்காய் மூட்டையாக இருந்தால் கட்ச் பக்கத்து வழி ஒன்று உண்டு. கொதிக்கும் தண்ணீரில் 5 முதல் 10 நிமிடம் போட்டெடுத்து வெயிலில் காயவைத்தால் கல்யாண வீட்டுத் தாம்பாளத்தில் வைக்கிற கெட்டிப் பேரீச்சை கிடைக்கும். இங்கே ஆடியில் சாயங்கால மழை வரும், ராத்திரி காற்றும் ஈரம். நாலு மணிக்கே வாரி உள்ளே எடுத்து மூடிவிட வேண்டும். ஒரு நாள் மறந்தால் மொத்தமும் பூஞ்சை. உலர்த்துப் பெட்டி கிடைத்தால் 45 முதல் 50 டிகிரியில் மூன்று நாலு நாளில் முடிந்துவிடும், அதுதான் நிம்மதி.

தோல் கழன்று பலூனாக நிற்கிறது

கனியும் முன் மரத்தில் இருந்தபோது சூடும் ஈரமும் சேர்ந்து தாக்கியதன் தடம். சுவைக்கும் ஆயுளுக்கும் பெரிய கேடு இல்லை. பார்வைக்குத்தான் குறை. பேரம் பேசி வாங்குங்கள்.

பழத்தில் வேறு வாசனை

கடலூர்க்காரர் ஃப்ரிட்ஜில் கருவாடு இல்லாமல் இருக்குமா? பேரீச்சை பக்கத்தில் உள்ளதன் வாசனையை இழுத்துக்கொள்ளும். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கோடு ஒரே கிடங்கில் வைக்கக் கூடாது என்பது மொத்த வியாபாரிகளுக்கும் விதி. கண்ணாடி அல்லது இறுக்கமான மூடியுள்ள டப்பா கருவாட்டுக்கு. மூடியைத் தளர்த்தி வைக்கும் சலுகை செங்காய்க்கு. ஏறிவிட்ட வாசனை போகாது.

கரண்ட் போய்விட்டது

2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்த பிறகு கடலூரில் எத்தனை நாள் மின்சாரம் இல்லாமல் இருந்தோம் என்று இங்கே உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30இல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஃபெஞ்சல் கரை கடந்தபோதும் ஃப்ரீசரில் இருந்த எல்லாம் கேள்விக்குறியானது.

கதவைத் திறக்காமல் இருந்தால் நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். ஃப்ரீசர் அல்லாத ஃப்ரிட்ஜ் பகுதி 4 மணி நேரம்தான். புயல் எச்சரிக்கை வந்தால் ஃப்ரீசரில் காலியிடத்தைத் தண்ணீர்ப் பாட்டில்களால் நிரப்பி உறையவிடுங்கள். உலர்ந்த பழத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், இறுக மூடியிருந்தால் சில நாள் வெளியிலேயே இருக்கும். செங்காயை எடுத்து நிழலில் காற்றோட்டமாகப் பரப்புங்கள். மூடிய பையில் விட்டால்தான் வேகும். கனிந்த பழம்தான் முதலில் தீர வேண்டியது. இளகியதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடலாம், அல்லது கொட்டை நீக்கி நெய்யில் கிளறி அல்வாவாக்கினால் ஒரு வாரம் வரும்.

வீட்டில் இல்லாதபோது கரண்ட் போய் வந்ததா என்று தெரிய ஒரு வேலை செய்யலாம். டம்ளரில் தண்ணீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஃப்ரீசரிலேயே விட்டுவிடுங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது நாணயம் மேலேயே இருந்தால் பழம் சரியாக இருக்கிறது. அடியில் உறைந்து கிடந்தால் நடுவில் எல்லாம் இளகித் திரும்ப உறைந்திருக்கிறது. பைகளைப் பிரித்து ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து, கள்ளு வாடை உள்ளதைத் தள்ளிவிட்டு, மிச்சத்தை அன்றைக்கே அடுப்பில் ஏற்றுங்கள்.